பதிவில் சுத்தமாக வெட்டுப்படும் பச்சை, நேரலையில் ஏன் நெளிகிறது?

கேள்வி: இணையத்தில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். 12 அடிக்கு 10 அடி அறை. சுவரில் பச்சைத் துணி கட்டி, அதன் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்துதான் பேசுகிறேன். கேமராவிலேயே பதிவு செய்து பிறகு எடிட் செய்தால் பின்னணி அழகாக மாறுகிறது. அதே கேமராவை கேப்சர் கார்டு (கேமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக ஓபிஎஸ் என்னும் நேரலை மென்பொருளில் இணைத்து நேரலை போனால் முடியோரம் முழுக்கப் பச்சை நெளிகிறது. கையை வேகமாக அசைத்தால் விரல்கள் காணாமல் போகின்றன. ஸ்டூடியோ அமைத்துத் தரும் ஒருவர், 4கே கேமரா, மூன்று பக்கமும் பச்சைச் சுவர், 'விர்ச்சுவல் ஸ்டூடியோ சாஃப்ட்வேர் லைசென்ஸ்' மூன்றையும் வாங்கினால் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மூன்றில் ஒன்றுகூட உங்கள் சிக்கலைத் தீர்க்காது.

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. அதே கேமரா, அதே துணி, அதே விளக்கு. பதிவில் சுத்தமாக வருகிறது. அப்படியானால் முதல் கோளாறு கேமராவில் இல்லை, கேமராவுக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டூடியோ அமைப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கேப்சர் கார்டு கணினிக்குப் படத்தை எந்த ஃபார்மட்டில் அனுப்புகிறது?" பதில் சொல்லத் தெரியாதவர் கையில் உங்கள் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஏன் இந்தக் கேள்வி என்று சொல்கிறேன். பச்சையை நீக்கும் மென்பொருளுக்கு உங்கள் முகம் எது, முடி எது என்று தெரியாது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் பார்த்து, 'இது பச்சையா, இல்லையா' என்று மட்டும் முடிவெடுக்கும். ஆகவே நிறத் தகவல் சுத்தமாக வந்தால்தான் ஓரம் சுத்தமாக இருக்கும். ஆனால் வீடியோவில் முதலில் வெட்டப்படுவதே நிறம்தான். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது என்பதால், நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம் என்று சிக்கனம் பிடிப்பார்கள். 4:2:0 என்று எங்கேயாவது பார்த்திருப்பீர்களே, அது இதுதான். வெறுமனே பார்ப்பதற்கு இது போதும். பச்சையை வெட்டும்போதுதான் இந்தச் சிக்கனம் முடியோரத்தில் தெரியும்.

மலிவான கேப்சர் கார்டு இதற்கு மேலும் ஒரு வேலை செய்கிறது. 1080பி படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் அமுக்காமல் அனுப்ப, நொடிக்கு ஏறத்தாழ 1000 மெகாபிட் கொள்ளும் பாதை வேண்டும். யூஎஸ்பி 2.0 ஏட்டளவில்கூட 480 மெகாபிட்தான் கடத்தும். மீதியை என்ன செய்வது? ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் புகைப்படம்போல் அமுக்கி அனுப்புகிறது. எம்ஜேபெக் என்பது அதன் பெயர். அமுக்கும்போது முடியோரத்து நிறம் சிறு சிறு கட்டங்களாக உடையும். அந்தக் கட்டங்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். நீங்கள் நெளிவு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தக் கார்டுகளின் அட்டைப் பெட்டியில் '4கே' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 4கே உள்ளே போகும் என்பது உண்மையாகவே இருக்கலாம். வெளியே வருவது அமுக்கிய 1080பி. பிளக் நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்து யூஎஸ்பி 3.0 என்று நம்பிவிடாதீர்கள், உள்ளே 2.0 சிப்பை வைத்து, வெளியே நீலப் பிளாஸ்டிக் போட்டு விற்கிறார்கள். தரத்தை நிர்ணயிப்பவர்களாவது தெளிவாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. யூஎஸ்பி 3.0 என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள், பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒன்றே, நொடிக்கு 5000 மெகாபிட். பாடம் நடத்துகிற ஓர் ஆசிரியர் ஒரு கம்பி வாங்க இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? இந்தக் குழப்பம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஓபிஎஸ்ஸில் கேப்சர் கார்டின் பண்புகளைத் திறந்து, ரெசல்யூஷனை 'டிவைஸ் டிஃபால்ட்' என்பதிலிருந்து கஸ்டமுக்கு மாற்றுங்கள். 1920x1080, 30 ஃபிரேம் வைத்துக்கொண்டு, வீடியோ ஃபார்மட் பட்டியலைப் பாருங்கள். ஒய்யூஒய்2 அல்லது என்வி12 (இரண்டும் அமுக்காத ஃபார்மட்) இருந்தால், ஒய்யூஒய்2-க்கு முன்னுரிமை கொடுத்துத் தேர்ந்தெடுங்கள். எம்ஜேபெக் மட்டும் இருந்தால், அல்லது மற்றவற்றைத் தேர்ந்தெடுத்ததும் படம் ஐந்து, பத்து ஃபிரேமுக்கு விழுந்தால், பாதை குறுகல். கார்டை மாற்றுவதற்கு முன் அதை யூஎஸ்பி ஹப், நீட்டிப்புக் கம்பி எதுவும் இல்லாமல் கணினியின் 3.0 துளையில் நேராகச் செருகிப் பாருங்கள். நல்ல கார்டைப் பழைய ஹப்பில் செருகிவிட்டு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டியது கார்டைத்தான், கேமராவை அல்ல.

இனி விரல்கள். இதற்குக் காரணம் வேறு. கை வேகமாக அசையும்போது விரல் மங்கலாகப் பதிவாகிறது. அந்த மங்கலில் தோலும் பச்சையும் கலந்துவிடுகின்றன. கலந்த புள்ளியை மென்பொருள் பச்சை என்று எண்ணி அழித்துவிடுகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு ஏற்றுங்கள். உங்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120. இந்த எண்களை விட்டு விலகினால் சில விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை ஏற்றினால் படம் இருளும். முகத்துக்கு அந்த அளவுக்கு வெளிச்சம் கூட்டுங்கள். அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் வந்து ஓரம் மறுபடி கெடும்.

கூடவே கேமராவில் தானாக இயங்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்: எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ். நீங்கள் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டியதும் தானியங்கி எக்ஸ்போஷர் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பச்சையும் வேறு பச்சையாகிவிடும். எடிட்டில் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். நேரலையில் அந்த வசதி கிடையாது. கேமராவின் ஷார்ப்னஸையும் முழுக்கக் குறைத்துவிடுங்கள்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு. உங்கள் நாற்காலிக்கும் துணிக்கும் நடுவே எத்தனை அடி? நீங்கள் எழுதவில்லை, இரண்டு அடி இருக்கும் என்று ஊகிக்கிறேன். துணியில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி உங்கள் தோளிலும் காதோரத்திலும் முடியிலும் விழுகிறது. அப்போது முடியே உண்மையில் பச்சைதான். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து அடியாவது முன்னால் வாருங்கள்.

'அறை சிறியது, முன்னால் வந்தால் துணி போதாது' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். உங்களுக்குப் பின்னால் ஐந்து அடியில் துணி. உங்களுக்கு முன்னால் மூன்று அடியில் கேமரா. நீங்கள் இருக்கும் இடத்தில் படம் மூன்று அடி அகலத்தைக் காட்டினால், துணி இருக்கும் இடத்தில் எட்டு அடி அகலத்தைக் காட்டும். அதே கேமராவை ஆறு அடி தள்ளிவைத்து, முகம் அதே அளவு தெரியும்படி ஜூம் செய்யுங்கள். துணி ஐந்தரை அடி அகலம் இருந்தால் போதும். உங்கள் அறையின் 12 அடி நீளத்தில் ஒரு முனையில் துணி, மறு முனையில் கேமரா, சரியாகப் பொருந்தும். மூன்று பக்கமும் சுவர் எதற்கு? பக்கச் சுவர்கள் பச்சையாக இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் பச்சை உங்கள் மேல்தான் கொட்டும். இதைத் தெரிந்தே விற்கிறார்களா, தெரியாமல் விற்கிறார்களா என்று எனக்குப் பல முறை கோபம் வந்திருக்கிறது.

இந்த மூன்று பக்கச் சுவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தலை முதல் கால் வரை தெரிய, நின்றும் நடந்தும் பேசுபவர்களுக்கு. அவர்களுக்குத் தரையும் பச்சையாக வேண்டும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் மூலையே இருக்கக் கூடாது. மூலை இருந்தால் அங்கே ஒரு நிழல்கோடு விழும். மென்பொருளுக்கு அது வேறொரு நிறம். அதனால் அந்த இடத்தை வளைத்து, சுவர் வழிந்து தரையாவதுபோல் கட்டுவார்கள். பக்கவாட்டில் நடப்பவர் என்றால் பக்கச் சுவருக்கும் இதே வளைவு. அப்படிக் கட்டினாலும் வேலை முடியாது. காலடி நிழலை முழுக்க அழித்தால் ஆள் காற்றில் மிதப்பார். அழிக்காமல் விட்டால் தரை திட்டுத்திட்டாகத் தெரியும். நிழலை மட்டும் மெல்லியதாக மீட்டெடுக்கத் தனியே உழைக்க வேண்டும். ஷூவின் பளபளப்பில் பச்சை தெரியும். தரையில் நடந்த தடம் அழுக்காகும். அடிக்கடி வண்ணம் பூச வேண்டும். இவ்வளவையும் கவனிக்க ஓர் ஆள் தினமும் இருந்தால் கட்டலாம். ஒரு பயிற்சி நிறுவனத்தில் இப்படிக் கட்டிய அறையைப் பார்த்தேன். ஆசிரியர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேசினார்கள். தரை பச்சை ஒரு நாளும் படத்தில் வரவில்லை. நீங்கள் உட்கார்ந்து பேசுபவர். உங்களுக்கு ஒரே ஒரு தட்டையான துணி போதும்.

துணி மட்டும் பளபளப்பில்லாததாக, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும். மடிப்புக்கோடு ஒவ்வொன்றும் இரு வேறு பச்சைகளின் எல்லை. துணிக்கு இரு பக்கமிருந்தும் இரண்டு விளக்கு, எல்லா இடத்திலும் ஒரே சீராக. முகத்துக்குத் தனி விளக்கு. துணி விளக்குகள் உயர்தரமாக இருக்க வேண்டியதில்லை; நல்ல விளக்கை முகத்துக்கு வையுங்கள். துணி முகத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். சற்று மங்கலாக இருந்தால் பச்சை சிதறுவது குறையும். பச்சை உடை வேண்டாம்.

பிறகு ஓபிஎஸ்ஸில் பச்சையை நீக்கும் ஃபில்டரான குரோமா கீ. அதில் சிமிலாரிட்டி (எவ்வளவு பச்சையை நீக்குவது) 400, ஸ்மூத்னஸ் (ஓரத்தை மென்மையாக்குவது) 80, ஸ்பில் (உங்கள் மேல் படிந்த பச்சைச் சாயலைக் குறைப்பது) 100 என்று தொடக்க அளவுகள் இருக்கும். உங்களுடையது எங்கேயோ போயிருக்கும். டிஃபால்ட்டை அழுத்தி முதலிலிருந்து தொடங்குங்கள். பின்னணியாக அழகான படத்தை வைத்துக்கொண்டு சரிசெய்யாதீர்கள். அழகான படம் குறைகளை மறைக்கும். அடர்ந்த சிவப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிமிலாரிட்டியை மட்டும் நகர்த்தி, பின்னணி மறையும் இடத்தில் உடனே நிறுத்துங்கள். மங்கலான விரல்களைத் தின்பதில் அளவுக்கு மீறி ஏற்றிய சிமிலாரிட்டிக்கும் பங்கு உண்டு. அதன்பின் ஸ்மூத்னஸ், கடைசியாக ஸ்பில். துணிக்கு வெளியே தெரியும் சுவரையும் விளக்குத் தண்டையும் கிராப் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். பச்சைத்துணியே வேண்டாம், செயற்கை நுண்ணறிவு பின்னணியை நீக்கிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். கையில் ஊசலையோ லென்ஸையோ தூக்கிக் காட்டினீர்கள் என்றால், அதையும் பின்னணி என்று எண்ணி விழுங்கிவிடக்கூடும். இயற்பியல் ஆசிரியருக்கு அது ஆகாது.

'லைசென்ஸ்' விஷயத்துக்கு வருகிறேன். ஓபிஎஸ் இலவச, திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதையே வேறு பெயரும் வேறு லோகோவும் போட்டு, ஆண்டுச் சந்தா கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அமைத்துத் தரும் உழைப்புக்குக் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயம். லைசென்ஸ் என்று கேட்டால், மென்பொருளின் உண்மையான பெயரையும் தயாரிப்பாளரின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். விமிக்ஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் இருக்கின்றன, நல்லவையும்கூட. ஆனால் விமிக்ஸை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். சோதிக்க விடாமல் பணம் கேட்பவர் வேறு எதையோ விற்கிறார்.

அதைவிட ஆபத்தானது ஸ்ட்ரீம் கீ, அதாவது உங்கள் நேரலையைச் சேனலோடு இணைக்கும் ரகசிய எழுத்துகள். 'செட்டிங் செய்ய வேண்டும், சேனல் பாஸ்வேர்டும் ஸ்ட்ரீம் கீயும் அனுப்புங்கள்' என்று கேட்பார்கள். அனுப்பாதீர்கள். அந்த எழுத்துகள் கையில் இருக்கும் யாரும் உங்கள் சேனலுக்குள் தங்கள் வீடியோவை அனுப்ப முடியும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே ரீசெட் செய்து, புதியதை நீங்களே ஓபிஎஸ்ஸில் ஒட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைய 'விர்ச்சுவல் செட்' (ஆயத்தப் பின்னணிகள்) தருகிறேன் என்பவரிடமும் கவனம் தேவை. பெரும்பாலும் வேறொருவர் உழைப்பைத் திருடிய சரக்கு அது. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடலாம். விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

பின்னணிப் படத்தை நீங்களே தேடிக்கொள்ளலாம். கேமராவை உங்கள் கண் உயரத்தில் வைத்து, அதே உயரத்தில் எடுத்த படமாகப் பாருங்கள். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தால், படத்தில் ஜன்னலும் இடப்பக்கமே இருக்கட்டும். படத்தைச் சற்று மங்கலாக்குங்கள். அசையும் பின்னணி வேண்டவே வேண்டாம். உங்கள் முகத்துக்குப் போக வேண்டிய பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தகவல் அளவு) அது தின்றுவிடும்.

கேப்சர் கார்டு வழியாக வரும் படம் சற்றுத் தாமதமாகவும், கணினியில் நேராகச் செருகிய மைக்கின் ஒலி முன்னதாகவும் வரும். ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து, எத்தனை மில்லி நொடி வித்தியாசம் என்று பார்த்து, ஓபிஎஸ்ஸின் ஆடியோ பண்புகளில் சிங்க் ஆஃப்செட்டில் அந்த எண்ணைப் போடுங்கள். இணையத்துக்கு வைஃபை வேண்டாம், கம்பி இழுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 'அன்லிஸ்டட்' (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் வகை) என்று வைத்து, வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் முழு ஒரு மணி நேரம் ஒத்திகை நேரலை போங்கள். யூடியூபில் இதுவே முதல் நேரலை என்றால், அனுமதி கிடைக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். முந்தின நாளே அதைத் திறந்துவையுங்கள். ஒத்திகையின் கடைசி ஐந்து நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். தொடக்கத்தில் சுத்தமாக இருந்த ஓரம் முடிவில் கெட்டிருந்தால், ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜன்னலுக்குக் கெட்டித் திரை ஒன்று போடுங்கள்.