பழைய ஃபிளாட் வாங்கறதுக்கு முன்னாடி
வணக்கமுங்க. கோயமுத்தூர் சாய்பாபா காலனியில 1992ல கட்டின 1,450 சதுர அடி வீடு, அமைதியான தெரு, லிஃப்ட் இல்லாத ரெண்டாம் மாடி, வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க.

வாங்கலாமுங்க. ஆனா பத்திரத்துல யுடிஎஸ், அதாவது பிரிக்காத மொத்த நிலத்துல உங்க பங்கு, எவ்வளவுன்னு பார்த்த பின்னாடி. கட்டடம் வருசா வருசம் தேயும், விலை ஏறுறது உங்க பேருக்கு வர்ற நிலப் பங்குக்குத்தான். 2022 அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம். அன்னிக்கும் உங்க நிலப் பங்குதான் பேசும். 30 வருச வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க.

நாங்க டாடாபாத்துல வாங்கினப்ப பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்கைக் கழட்டிப் பார்க்கலை. குடி போன ஐப்பசி மழையில காரை பேந்து விழுந்துச்சு. உள்ளே கம்பி துருப்பிடிச்சு, செதில் செதிலா உதிர்ந்துட்டு இருந்தது. கடன் வாங்கித்தான் சரி பண்ணினோம். அதனால ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க. கம்புல கூரையைத் தட்டிப் பாருங்க. பொள்ளலா சத்தம் வந்தா காரை விட்டிருக்குன்னு அர்த்தம்.

சிறுவாணித் தண்ணி எத்தனை நாளைக்கொருக்கா வருதுன்னு கீழ் வீட்டுக்காரங்களைக் கேளுங்க, புரோக்கரைக் கேட்காதீங்க.

அம்மாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருந்தீங்களே, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒருக்கா படி ஏறி இறங்கச் சொல்லுங்க.