மணி அடித்தால் மாற்றிச் சொல்

கேள்வி: மொரீஷியஸில், காத்ர் போர்னில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 12 பிள்ளைகள், 9 முதல் 12 வயது வரை. நன்றாக வாசிக்கிறார்கள், பேசச் சொன்னால், தப்பு வந்துவிடுமோ என்று வாயே திறப்பதில்லை. முன்தயாரிப்பு இல்லாமல் அந்தக் கணத்தில் பேசி நடிக்கும் இம்ப்ரோவ் விளையாட்டு பயத்தைப் போக்கும் என்றார்கள். வட்டமாக நிற்கவைத்து, ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்லவைத்தேன். ஒரே சிரிப்பு. 'அம்மா வந்தான்' மட்டும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த விளையாட்டைத் தமிழில் அப்படியே ஆட முடியாது. 'நேற்று', 'அம்மா', 'சந்தையில்', 'மாம்பழம்' என்று முதல் நால்வரும் எளிதாகத் தப்பிவிடுவார்கள். வினை கடைசியில் வருவதால் மொத்தப் பாரமும் ஐந்தாவது பிள்ளையின் தலையில் விழும். ஆளுக்கொரு முழு வாக்கியமாக மாற்றுங்கள்; நான்கைந்து சொல் போதும்.

'அம்மா வந்தான்' கவனக்குறைவால் வருவதல்ல. பிள்ளைகள் அங்கே கேட்டு வளரும் கிரியோல் மொழியில் 'மோ (நான்) ஆலே, தோ (நீ) ஆலே, லி ஆலே' என்று யார் போனாலும் வினை மாறாது. 'லி' அவனுக்கும் அவளுக்கும் பொது. எனவே விதியைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, வாய் பழக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் இலக்கணத்தைத் தொடாதீர்கள். இருவர் இருவராக நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி எண்ணட்டும். எண் மூன்று, ஆள் இரண்டு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு வரும் எண் மாறிக்கொண்டே இருக்கும், தடுமாற்றம் நிச்சயம். பிறகு 'ஒன்று' என்பதற்குப் பதிலாகக் கைதட்டல். தடுமாறினால் இருவரும் கையை உயர்த்தி, சர்க்கஸ்காரர் போலக் குனிந்து வணங்கி, உடனே மறுபடி தொடங்க வேண்டும். முதல் தப்பை நீங்களே செய்து வணங்கிக் காட்டுங்கள். யாரையும் வணங்கச் சொல்லி வற்புறுத்தினால் அது தண்டனையாகிவிடும். 'அவுட்' வேண்டவே வேண்டாம்: அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியே போய் உட்காரும்.

வணக்கத்தால் பயம் குறையும், தப்பு குறையாது. நீங்கள் கண்ட சிரிப்பும் அப்படித்தான். தப்பான வாக்கியத்தை, விளையாட்டு நிற்காமல், இன்னொரு முறை சொல்ல வாய்ப்பு வேண்டும். அதற்கு ஒரு சின்ன மணி போதும். இரண்டு பிள்ளைகள் காய்கறிக் கடைக்காரராகவும் வாங்க வந்தவராகவும் பேசட்டும், இரண்டு நிமிடம். மணி அடித்தால் கடைசி வாக்கியத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். 'அம்மா வந்தான்', மணி. 'அம்மா வந்தது', மணி. 'அம்மா வந்தாள்!' மூன்றாவது முறையும் வராவிட்டால் நீங்களே கடைக்குள் நுழைந்து, 'அப்படியா, அம்மா எப்போது வந்தாள்?' என்று கேளுங்கள். விளையாட்டை நிறுத்தி விளக்காதீர்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தப்புக்கு மட்டும் மணி அடித்தால், இரண்டே நாளில் மணிச் சத்தம் சிவப்பு மையாகிவிடும். மூன்று முறை அடித்தால் அதில் இரண்டு முறையாவது சரியான வாக்கியத்துக்காக இருக்கட்டும். 'தக்காளி வாங்கினேன்' மாறி 'யானை வாங்கினேன்' ஆகும்போதுதான் பிள்ளைகள் மணிக்கு ஏங்குவார்கள். ஒரு வகுப்பில் ஒரு வகைத் தப்பை மட்டும் பிடியுங்கள். இந்த வாரம் ஆள், ஆன், ஏன் என்ற வினை விகுதிகள்; லகர ளகர ழகரம் காத்திருக்கட்டும். கடைசி ஐந்து நிமிடம், மணி அடித்து மாறிய மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதி, பேர் சொல்லாமல், எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும்.

சிகாகோவில் நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின் இத்தகைய நாடக விளையாட்டுகளை 1930களின் கடைசியில் உருவாக்கியபோது, வெளிநாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவரிடம் வந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து குறிப்புச் சொல்வது அவர் முறை. உங்கள் மணியும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

பேசவே மறுக்கும் பிள்ளையிடம் மணியைக் கொடுங்கள். எங்கே அடிப்பது என்று அவள் ஒவ்வொரு விகுதியையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். இரண்டு வாரம் கழித்து, அவளுக்குப் பிடித்த தோழியோடு கடையில் நிற்கவையுங்கள்.