முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு அரசுப் பணம்: கேள்வி பதில்

உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவன் நான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு தாய்: எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. என் கொழுந்தனார் மட்டும் பி.காம். படித்தவர். அதனால் மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்காது என்கிறார்களே?

கிடைக்கும் அம்மா. பெற்றோர், இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் பட்டதாரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சித்தப்பாவின் பட்டம் கணக்கில் வராது. சாதியும் வருமானமும் தடையில்லை. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு தொடங்கியபின் ஓடினால் மூச்சு வாங்கும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை: சான்றிதழ் கையில் இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இடம் தருகிறார்கள். முன்பணம் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். 2010-11 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சலுகை, கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருகிறவர்களுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரியாக இருந்தாலும் கலந்தாய்வில் எடுத்த இடம் என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. கல்லூரியே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூட வராது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. அதையும் மறக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்தாள் தம் மகளோடு வந்திருந்தார். நகைக்கடைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து, மேசையைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் அதன்மேல் வைத்தார். ஒரு மடிப்பு இல்லை. ஆனால் இடைத்தரகர் பேச்சைக் கேட்டு, கலந்தாய்வுக்கு முன்பே ஒரு கல்லூரியில் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டியிருந்தார். அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்விலேயே நல்ல இடம் கிடைத்திருக்கும். கட்டிய பணத்தைக் கல்லூரி திருப்பித் தரவில்லை. அந்தத் தாளை அவர் மறுபடி பைக்குள் வைத்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உசிலம்பட்டி மாணவன்: நான் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டா?

உண்டு தம்பி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்திருந்தால் நீ அரசுப் பள்ளி மாணவன்தான். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் இந்த ஒதுக்கீடு வந்தது. இதில் சேர்ந்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகையில் அது கிடையாது. ஆகவே முதலில் இதற்கு முயற்சி செய்.

வாடிப்பட்டி மாணவி: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தேன். பி.ஏ. தமிழ் சேரப் போகிறேன். எனக்கு என்ன கிடைக்கும்?

புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. தம்பி இருந்தால் அவனுக்கு, மாணவர்களுக்கான இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

அலங்காநல்லூர் மாணவன்: ஆதிதிராவிடர் உதவித்தொகை இன்னும் வரவில்லை. கட்டணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்கிறார்கள்.

இந்தக் கேள்விதான் எனக்குக் கோபம் மூட்டுகிறது, உன்மேல் அல்ல. இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகே மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கு நேராக வருகிறது. கட்டணம் கேட்பது ஜூனில், பணம் வருவது பல மாதம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்குவது கூலிக்காரர் வீடு. கல்லூரி திறக்கும்போதே பணம் வந்தால்தான் அது உதவி. வருகிறவரை தேர்வைத் தடுக்கக் கூடாது என்று அரசு கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

நீ இன்றே வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார். விண்ணப்ப நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடு. ரசீது வாங்காமல் திரும்பாதே. தனியாகப் போகத் தயங்கினால் சொல், நான் வருகிறேன்.