அப்பாவின் சிநேகிதர்கள்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பா பர்மாவில், தன்லினில் அக்கா வீட்டில் இருக்கிறார், வயது 84. கொரோனா, அப்புறம் நாட்டு நிலைமை என்று தள்ளிப்போய், போன மாதம்தான் போய்ப் பார்த்தேன். என்னிடம் "சாப்பிட்டியா, லீவு எத்தனை நாள்" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அறுபதுகளில் மதராசுக்குக் கப்பலேறிய ஒரு சிநேகிதரைப் பற்றித் தினமும் பேசினார். அவரைத் தேடலாமா? இறந்துபோயிருந்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் விட்டுவிடுவதுதான் நல்லதா?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

தேடுங்கள். இறந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தன் வயதுக்காரர் இருப்பாரா மாட்டாரா என்று 84 வயது மனிதர் கணக்குப் போடாமலா இருப்பார்? சேதி தெரிந்தால் கோயிலில் ஒரு மோட்ச விளக்கு ஏற்றுவார், நாலு நாள் பழைய கதை சொல்வார். பெரியவர்களுக்குத் தாங்காது என்று நாம்தான் எல்லாவற்றையும் மூடி மூடி வைக்கிறோம். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் கைக்குழந்தையாக இருந்தவர் அவர்.

ஆனால் மதராசுக்கு முன்னால் ரங்கூனில் தேடுங்கள் என்பேன். அப்பாவின் சிநேகிதர்கள் எல்லோருமா கப்பலேறினார்கள்? இங்கேயே தங்கிவிட்டவர்களை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். தன்லினிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ரங்கூன். ஆனால் முழங்கால் வலிக்காரர் பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது, டாக்சி கட்டுப்படியாகாது. 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதிலிருந்து, கூட அனுப்பலாம் என்றால் பேரப்பையன்களை வெளியே விடவும் வீடுகளில் பயம். பக்கத்து ஊர்க்காரர்களே மதராஸ்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

என் அம்மாவை ஒருமுறை ரங்கூனின் இன்செய்ன் பகுதியில் இருக்கும் அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரரிடம் கூட்டிப் போனேன். பர்மியப் பாட்டி. இரண்டு பேருக்கும் காது மந்தம். பாதி பர்மியம், பாதி தமிழ், எல்லாம் கத்தல். "நீ கொடுத்த ஊறுகாய் ஜாடி இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றார் பாட்டி. "ஒரு ஜாடியா? ரெண்டு" என்றார் அம்மா. அந்த இரண்டாவது ஜாடிக்கே அரை மணி நேரம் போயிற்று. நடுவில் பாட்டி என் பக்கம் திரும்பி ஒரு விஷயம் சொன்னார். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது, இல்லையா? அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது பாட்டி வீட்டு அரிசியில்தானாம். அம்மா இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றும் ஒன்றும் சொல்லாமல் ஜாடிப் பேச்சுக்கே திரும்பிவிட்டார்.

உங்கள் அப்பா உங்களிடம் பேசவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். மகளிடம் என்ன பேசுவது என்று பல அப்பாக்களுக்குத் தெரியாது. சிநேகிதர் ஒருவர் எதிரே உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டு இருங்கள், போதும்.

சரி, மதராஸ் விஷயம். வெறும் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு முருகன். திரும்பிப் போனவர்கள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள், எர்ணாவூர் பர்மா நகரில் இருக்கிறார்கள், காரைக்குடியில் பர்மா காலனி என்றே ஓர் இடம் இருக்கிறது. போன இடம் ஒட்டாமல் தரைவழியாக பர்மாவுக்கே திரும்பப் பார்த்து, எல்லையில் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு. பர்மா பஜாரில் போய் விசாரிக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1969-இல் கடை போட்ட தலைமுறை இன்று கல்லாவில் இல்லை. கோயில் திருவிழாவில் விசாரிப்பதுதான் பலன் தரும், கிழவர்கள் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்: சிநேகிதரின் பர்மியப் பெயர், அவருடைய அப்பா பெயர், பூர்வீக ஊர், இங்கே என்ன தொழில், எந்தக் கோயிலுக்கு வரி கொடுத்த குடும்பம். கப்பலேறிய வருடம் தெரிந்தால் இன்னும் நல்லது. சேர்ந்து எடுத்த போட்டோ இருந்தால் அக்காவை வைபரில் அனுப்பச் சொல்லுங்கள். பேஸ்புக் இங்கே 2021 முதல் விபிஎன் இல்லாமல் திறக்காது, கரண்டு இருக்கும் நேரமும் பார்க்க வேண்டும். எர்ணாவூரில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். விவரம் வந்ததும் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிக்கச் சொல்கிறேன்.