காளாஞ்சி யாருக்கு முதலில்?

வணக்கம். எனக்கு 66 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்ப உபயம். இடம்பெயர்ந்து திரும்பிய பிறகும் அதைக் கைவிடாமல் செய்தவன் நான். இம்முறை கனடாவிலிருந்து தம்பி வந்தான். பூசை முடிய, உபயகாரருக்கு மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டை ஐயர் அவனிடம் நீட்டினார்; அவனும் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அவனோடு கதையில்லை. கோயில் பக்கமும் போகவில்லை. வீட்டில் தேவாரம் படிக்க இருந்தாலும் அந்தத் தட்டுத்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நித்திரையும் குழம்பிவிட்டது. மனுசி, "உங்களுக்கு ஆணவம்" என்கிறா. அதை விட்டால்தான் நிம்மதி என்று பிள்ளைகளுக்குச் சைவநெறி படிப்பித்தவன் நான். எப்படி விடுவது?

ஒரு வாசகர், வலிகாமம்

ஐயா,

துணைவியார் சொன்னதில் பாதிதான் சரி. இத்தனை வருஷம் சுமந்தவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற நோவு எவருக்கும் வரும். அதை விழுங்கினால் வேறு வாசலால் வெளிவரும். உங்களிடம் வந்துவிட்டது: கோபம் தம்பியோடு, தண்டனை அம்பாளுக்கு!

சபை பார்க்க எனக்குத்தான் முதல் தட்டு என்று மனம் அடம்பிடிக்கிறதே, ஆணவம் அங்கேதான் இருக்கிறது. அதை வேரோடு பிடுங்க இறங்காதீர்கள். முத்தியிலும் ஆணவம் அழியாது, அதன் வலுத்தான் கெடும் என்கிறது சைவ சித்தாந்தம், நீங்களே படிப்பித்திருப்பீர்கள். 'நான் ஆணவத்தை விட்டவன்' என்ற பெருமையும் ஒன்று உண்டு. (அதற்கும் எங்கள் ஊரில் ஆட்கள் குறைவில்லை.) நல்லூர்த் தேரடியில் இருந்த சித்தர் செல்லப்பா சுவாமிகளை ஊர் விசரன் (பைத்தியம்) என்றது, அவர் அதைத் திருத்தப் போகவில்லை. அந்த நிலை எங்களுக்கு எங்கே! ஒரு காளாஞ்சியளவு இறங்கினால் இப்போதைக்குப் போதும்.

தம்பிக்கு அழைப்பெடுங்கள். முறை, நியாயம் பேச வேண்டாம். "அண்டைக்கு எனக்கு மனம் நொந்துபோச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். ஐயர் நீட்டினார், அவன் வாங்கினான்; அதற்குமேல் அவன் ஒன்றும் யோசித்திருக்காமலும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்டால்தான் ஆச்சு என்று காத்திருந்தால், மறுபடியும் தட்டுக்குத்தான் கைநீட்டி நிற்கிறீர்கள்.

அடுத்த அன்னதானத்துக்குப் போய், உபயகாரர் என்ற பேச்சே எடுக்காமல், மற்றவர்களோடு இருந்து மரக்கறி வெட்டுங்கள். முதல்நாள் கூச்சமாக இருக்கும். "மாஸ்டர், நீங்களோ?" என்று யாராவது கேட்பார்கள். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

நித்திரை இரண்டு கிழமைக்குமேல் குழம்பியிருந்தால் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒருக்கால் காட்டுங்கள். அங்கே போவதற்கும் கௌரவம் பார்க்க வேண்டாம்.