கம்பிக் கணக்கு தெரியும், காசுக் கணக்கு எப்படிக் கற்பது?

கேள்வி: சிவில் பொறியியல் முடித்து ஐந்து ஆண்டுகளாகத் தொண்டி பக்கம் ஓர் அரசு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட் எல்லாம் கைவந்துவிட்டது. டெண்டர் போடுவது, ரேட் வைப்பது, பில் வாங்குவது மட்டும் முதலாளியும் கணக்காளரும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் சொந்தமாக வேலை எடுக்க ஆசை. எம்.பி.ஏ. படிக்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எம்.பி.ஏ. இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்குத் தேவையான பாடம் உங்கள் ஆபீஸ் பீரோவிலேயே இருக்கிறது. முடிந்துபோன ஏதாவது ஒரு வேலையின் முழு ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்: டெண்டர் ஆவணம், பி.ஓ.க்யூ. (வேலை ஐட்டங்களும் அளவும் ரேட்டும் உள்ள பட்டியல்), அக்ரிமென்ட், எம்-புக் (அளவுப் புத்தகம்) நகல், ஆர்.ஏ. பில்கள் (வேலை நடக்கும்போதே போடும் இடைக்கால பில்கள்), இறுதி பில், துறைக்கு எழுதிய கடிதங்கள். "அடுத்த டெண்டருக்கு ரேட் போட நானும் உதவுறேன்ண்ணே, பழைய ஃபைல் ஒண்ணு பார்த்துக்கறேன்" என்று கேட்டால் பெரும்பாலான முதலாளிகள் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அந்த வேலைக்கு ஆள் தேவைதான்.

அந்த ஃபைலில் முதலில் பார்க்க வேண்டியது ரேட். பி.ஓ.க்யூ.வில் பெரிய தொகை உள்ள ஐந்தாறு ஐட்டங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்களே ரேட் அனாலிசிஸ் (பொருள், கூலி, மெஷின் என்று பிரித்துப் போடும் விலைக் கணக்கு) போடுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் டெல்லி அனாலிசிஸ் ஆஃப் ரேட்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கன மீட்டர் வேலைக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், மெஷினுக்கு எவ்வளவு என்று ஐட்டம் ஐட்டமாக அதில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கடைசியில் ஒப்பந்ததாரர் லாபத்துக்கும் மேல்செலவுக்கும் சேர்த்து 15% வைத்திருப்பார்கள். அதிலிருந்து முறையை எடுத்துக்கொள்ளுங்கள். விலையும் கூலியும் நம்மூருடையதாக இருக்கட்டும்.

நம்மூர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதுரையில் சரியாக வரும் ரேட், கடலோரத்து மோர்ப்பண்ணையிலோ பாம்பனிலோ நஷ்டம் தரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடலோரக் காற்று படும் ஆர்.சி.சி.க்கு (கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு) குறைந்தது எம்-30 வலிமைத் தரம், கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 45 மி.மீ.; கடல்நீர்த் திவலை படும் இடத்தில் எம்-35, 50 மி.மீ.; ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தில் எம்-40, 75 மி.மீ. உள்நாட்டில் எம்-25, 30 மி.மீ. கவர் வைத்துப் பழகிய கை, பழக்கத்தில் பழைய ரேட்டையே எழுதிவிடும். டெண்டர் வரைபடத்தில் ஒன்றும் பி.ஓ.க்யூ.வில் வேறொன்றும் இருந்தால் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு (டெண்டர் போடுமுன் துறை நடத்தும் விளக்கக் கூட்டத்துக்கு) முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால், வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது தண்ணீர். ஆர்.சி.சி.க்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கரையில் பல போர்வெல்களின் நீர் இதில் தேறாது. எம்-30 கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்குச் சுமார் 380 கிலோ சிமென்ட், நீர்-சிமென்ட் விகிதம் 0.45 என்று வைத்தால், 100 கன மீட்டருக்குக் கலக்க மட்டும் சுமார் 17,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். கியூரிங்குக்கும் அதே தரமான நீர்தான் வேண்டும். அதையும் கழுவுவதற்கான நீரையும் சேர்த்தால் பல மடங்காகும். அத்தனையும் டேங்கர் லாரித் தண்ணீர். ரேட்டில் தண்ணீருக்கென்று தனித் தொகை இல்லையென்றால் அந்த ரேட் தப்பு.

ஜல்லியும் எம்-சாண்டும் பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியே இருந்துதான் வருகின்றன. அதே 100 கன மீட்டருக்கு ஜல்லி மட்டும் ஏறத்தாழ 29 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஆறு யூனிட் லாரியில் ஐந்து லோடு. குவாரி விலையை மட்டும் கேட்டு ரேட் போடாதீர்கள். சைட்டில் இறக்கிய விலையைக் கேளுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் மணல் பாதை என்றால், ஆறு யூனிட் லாரி உள்ளே வருமா, மாற்றி ஏற்ற வேண்டியிருக்குமா என்று டெண்டருக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள்.

கம்பியில் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். கடையில் எடை போட்டு வாங்குகிறோம், பில்லோ நீளத்தை அளந்து, நிலையான எடையால் பெருக்கிப் போடப்படுகிறது (12 மி.மீ. கம்பிக்கு மீட்டருக்கு 0.888 கிலோ). 10 மி.மீ.க்கு மேல் 16 மி.மீ. வரையுள்ள கம்பியில் 5% வரை எடை கூடவோ குறையவோ கம்பிக்கான தர விதி ஐ.எஸ். 1786 இடம் தருகிறது. 3% கனமாக வந்த கம்பி என்றால், 10 டன்னுக்குப் பில் போட 10.3 டன் வாங்கியிருப்பீர்கள். வெட்டுத் துண்டு சேதாரம் அதற்கு மேல். ஒவ்வொரு லோடு வந்ததும் ஒரு மீட்டர் துண்டு வெட்டி எடை போட்டுப் பாருங்கள். சைட் இன்ஜினியராக இருக்கும்போதே முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டினால், அடுத்த நாளே ரேட் மேசையில் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

ரேட் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் தொழில் படுத்துவிடுவது பணம் வரும் நேரத்தால்தான். பொறியாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் எண்ணாகவே போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாதத்தில் 20 லட்சத்துக்கு வேலை முடித்தீர்கள்; ஜி.எஸ்.டி. தனி. செலவு 18 லட்சம், லாபம் 2 லட்சம். அரசுத் துறை பில் பாஸ் செய்யும்போது பிடிப்பவை இவை. தனிநபர் உரிமையாளருக்கு வருமான வரிப் பிடித்தம் 1%, அதாவது 20,000. ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (ஜி.எஸ்.டி.க்காக முன்கூட்டியே பிடிப்பது) 2%, 40,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1%, 20,000. அக்ரிமென்டில் ரிட்டென்ஷன் (உத்தரவாதமாகத் துறை நிறுத்திவைக்கும் தொகை) 5% என்றால் ஒரு லட்சம். ஆக 1,80,000 போய், கைக்கு வருவது 18,20,000. இரண்டு லட்சம் லாபத்தில் இப்போது கையில் இருப்பது 20,000 மட்டுமே. வருமான வரி ரிட்டர்னில் நேராகும், ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் வரவாகும், ரிட்டென்ஷன், குறைபாடு பொறுப்புக் காலம் (வேலை முடிந்த பின் வரும் பழுதுக்கு நீங்கள் பொறுப்பான காலம்) முடிந்துதான் வரும். நல நிதி திரும்பி வராது, அதை ரேட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

இனி நேரம். வேலை ஒரு மாதம்; ஏ.இ. (துறையின் உதவிப் பொறியாளர்) அளவெடுத்து எம்-புக்கில் ஏற்றி, செக் மெஷர்மென்ட் (மேலதிகாரி அளவைச் சரிபார்ப்பது) ஆகி, டிவிஷன் ஆபீஸில் பாஸாகி, நிதி ஒதுக்கீடு வந்து பணம் ஏற இன்னும் இரண்டு மாதம் என்று கொள்வோம். அந்த 18 லட்சத்தையும் ரெண்டு வட்டிக்கு மூன்று மாதம் வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 1,08,000. லாபத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அதனால் ரேட் போடும்போதே, எந்த மாதம் எவ்வளவு போகும், எந்த மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். எக்செல் தெரிந்தால் போதும், வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு எச்சரிக்கை. அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு 2022 ஜூலை முதல் பொதுவாக 18%. கேட்கப்படும் ரேட் வரி உட்பட்டதா, வரி நீங்கலானதா என்பதை டெண்டர் ஆவணத்தில் தேடிப் படியுங்கள். இதை மாற்றிப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் எந்த லாபமும் அதைத் தாங்காது.

காலண்டரும் ரேட்டின் ஒரு பகுதிதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். படகு இறங்குதளப் பழுதுவேலை எடுத்தவருக்கு அப்போது இடம் கிடைப்பது கடினம். மீன்வளத் துறையுடனும் மீனவர் சங்கத்துடனும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வேலை நின்றாலும் வாட்ச்மேன் சம்பளம், ரூம் வாடகை, மிக்ஸர் வாடகை நிற்காது. மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் தேசியப் பூங்கா எல்லையும் குறுக்கே வரலாம். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, நாள் கணக்கு சைட்டை ஒப்படைத்த தேதியிலிருந்தா என்பதை அக்ரிமென்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடிதம் எழுதுவதைப் பல பொறியாளர்கள் கிளார்க் வேலை என்று ஒதுக்குகிறார்கள். பில்லில் கூடுதல் பணம் வருவதே கடிதத்தால்தான். வாய்மொழியாகச் சொன்ன கூடுதல் வேலைக்கு அன்றே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். மண் மூடும் வேலைக்கு மூடுவதற்கு முன் அளவு பதிவாக வேண்டும். கடிதம் சுருக்கமாக இப்படி இருந்தால் போதும்:

"குழி எண் 2-இல் 1.2 மீட்டர் ஆழத்தில் ஊற்று கண்டது. 5 எச்.பி. பம்பு இரண்டு, காலை 6 முதல் இரவு 8 வரை ஓடின. புகைப்படமும் பம்பு ஓடிய நேரப் பதிவும் இணைப்பு. நேரில் பார்வையிட்டுப் பதிவு செய்யவும், இதனால் ஏற்படும் தாமதத்துக்குக் கால நீட்டிப்பு வழங்கவும் கோருகிறோம்."

ஆனால் பல அக்ரிமென்டுகளில் நீரிறைப்பும் ரேட்டில் அடக்கம் என்று ஒரு வரி இருக்கும். அப்படியிருந்தால் பணம் கிடைக்காது, கால நீட்டிப்பு மட்டும் கேட்கலாம். கடலோரத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் தோண்டும் ரேட்டைப் போட வேண்டும்.

படிக்கவே விருப்பம் என்றால், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் கட்டுமான மேலாண்மைப் பாடங்கள் இலவசம். அளவெடுக்கும் முறைக்கு ஐ.எஸ். 1200, அதைக் கட்டாயம் படியுங்கள். ஒப்பந்ததாரர் பதிவு, ஜி.எஸ்.டி. எண், ஆன்லைன் டெண்டருக்கான மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து ஆகியவை சில வாரங்களில் முடியும் காரியங்கள். அவற்றுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம்.

முதல் வேலையின் அளவை உங்கள் கையிருப்பை வைத்து முடிவு செய்யுங்கள். டெண்டர் வைப்புத்தொகையும் பாதுகாப்புத் தொகையும் போக 6 லட்சம் இருந்தால், மூன்று மாதம் பணம் வராது என்ற கணக்கில், மாதம் 2 லட்சம் செலவைத்தான் தாங்க முடியும். ஆறு மாத வேலை என்றால் அது 12 லட்சம் செலவு, சுமார் 13 லட்சம் மதிப்புள்ள ஒப்பந்தம். 40 லட்சம் டெண்டர் எவ்வளவு நல்ல ரேட்டில் வந்தாலும் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.