டின் தக்காளி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் சமையல் குறிப்புகளை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மினியாபொலிஸில். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அதனால் வார நாட்களில் அடுப்படி என் பொறுப்பு. ஜனவரியில் இங்கே கிடைக்கும் தக்காளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சிவப்பு, வெட்டினால் வெளுப்பு, வாயில் போட்டால் ஒன்றுமே இல்லை. தள்ளுபடியில் போட்டிருந்தார்களே என்று டின் தக்காளி ஒரு பெட்டி, 12 டின், வாங்கிவிட்டேன். 'ஸ்ட்யூட் டொமேட்டோஸ்' என்று போட்டிருந்தது. வேகவைத்த தக்காளிதானே, நமக்கு வேலை மிச்சம் என்று ரசம் வைத்தேன். ஒரே தித்திப்பு. கூடவே என்னவோ தழை வாசனை. "இது ரசமா, சூப்பா?" என்று மனைவி கேட்டுவிட்டாள்.

அம்மாவிடம் போனில் சொன்னால், "டப்பாவுல அடைச்சதையெல்லாம் திங்காதடா, சத்தும் கிடையாது, உடம்புக்கும் கெடுதல்" என்கிறார். மீதி 11 டின்னை என்ன செய்ய? நம் சமையலுக்கு டின் தக்காளி ஒத்து வருமா, வராதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். போன கோடையில் வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்தோம், ஆகஸ்டில் காய்த்துத் தள்ளிப் பாதி வீணாகப் போனது. அடுத்த முறை நானே பாட்டிலில் அடைத்து வைத்துக்கொள்ளலாமா?

எஸ்.

*

அன்புள்ள தம்பி,

அந்த டின்னைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். தக்காளி, தக்காளிச் சாறு, அதற்கு அடுத்தபடியே சர்க்கரை, உப்பு, காய்ந்த வெங்காயம், செலரி என்கிற தண்டுக்கீரை, பச்சைக் குடைமிளகாய் என்று போகும். பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான். தித்திப்புக்குக் காரணம் சர்க்கரை, தழை வாசனை செலரியுடையது. நீங்கள் வாங்கியது தக்காளி அல்ல, தக்காளிக் கூட்டு. யாரோ முக்கால்வாசி சமைத்து முடித்து மூடி வைத்ததன் மேல் புளித் தண்ணீரையும் மிளகு சீரகத்தையும் கொட்டியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

அந்தக் கூட்டுக்கும் ஒரு ஊர் இருக்கிறது. பழைய அமெரிக்க வீடுகளில் தக்காளியை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வேகவைத்து, மிஞ்சிப்போன ரொட்டியைத் துண்டு போட்டு அதில் ஊறவைத்து, இறைச்சிக்குப் பக்கத்தில் பரிமாறுவார்கள். தெற்கே லூசியானா பக்கம் போனால் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் இல்லாமல் எந்தக் குழம்பும் தொடங்காது. நமக்குக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை எப்படியோ அவர்களுக்கு அந்த மூன்றும். உங்கள் டின்னில் இருப்பதும் அதே மூன்றுதான். அதனால் அது எங்கே பொருந்துமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் 11 டின்னும் உபயோகமாகத் தீர்ந்துவிடும்.

முதல் யோசனை வெண்டைக்காய். அமெரிக்கத் தெற்கில் வெண்டைக்காயும் தக்காளியும் சேர்த்துச் செய்வது தினப்படிச் சமையல். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அங்கே வந்து சேர்ந்த காய் அது. கால் கிலோ வெண்டைக்காயை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, அகலமான சட்டியில் எண்ணெய் விட்டுப் பெரிய தீயில் வதக்குங்கள். மூடாதீர்கள், அடிக்கடி கிளறவும் வேண்டாம். கரண்டியைத் தூக்கினால் கூடவே வருகிற நூல் அறுந்து, காயின் ஓரம் லேசாகக் கருகத் தொடங்கும்போது ஒரு டின்னைச் சாற்றோடு கவிழ்த்துவிடுங்கள். தக்காளிப் புளிப்பு மிச்சக் கொழகொழப்பையும் அடக்கிவிடும். மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு, கடைசியில் மிளகு. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். உப்பை மட்டும் ருசி பார்த்த பிறகு போடுங்கள், டின்னில் ஏற்கெனவே இருக்கிறது. சூடான சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். தித்திப்பு அதில் உறுத்தாது, அந்தப் பதார்த்தமே அப்படித்தான்.

ராஜ்மாவுக்கும் நன்றாகப் பொருந்தும், ஆனால் ஒரு நிபந்தனை. பயறு முழுசாக வெந்து, விரலால் நசுக்கினால் மாவாக வந்த பிறகுதான் டின் உள்ளே போகவேண்டும். புளிப்புப் பட்டால் பயறு வேகாது. இது நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான், துவரம்பருப்பு வெந்த பிறகுதானே புளி ஊற்றுகிறோம். டின்னில் இன்னொரு கூட்டாளியும் இருக்கிறது. துண்டு கரையாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு. அதுவும் பயற்றின் தோலை இறுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டாலும் ராஜ்மா கல்லாகத்தான் கிடக்கும். கொண்டைக்கடலைக்கும் இதே விதி.

பாவ் பாஜிக்குக் குடைமிளகாய் எப்படியும் வேண்டும், அங்கே ஒரு டின். கொத்துக்கறி, முட்டை இரண்டுக்கும் சரி. ரசம், சாம்பார், மீன் குழம்பு, தொக்கு, சட்னி பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இனி வாங்கும்போது என்ன வாங்குவது? தோல் உரித்த முழுத் தக்காளி. அலமாரியில் அது துண்டு போட்டதற்குப் பக்கத்திலேயே இருக்கும், விலையும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே தக்காளி, சாறு, உப்பு, சிட்ரிக் அமிலம், இவ்வளவுதான் இருக்கவேண்டும். உப்பில்லாததும் கிடைக்கிறது, அகப்பட்டால் அதையே எடுங்கள். துண்டு போட்டதை நான் வாங்குவதில்லை. அந்தக் கால்சியம் செய்கிற வேலை அப்படி. அரை மணி கொதித்த பிறகும் ஒவ்வொரு துண்டும் மூலை மழுங்காமல் சதுரமாக மிதக்கும், மத்தால் கடைந்தாலும் மசியாது. சாலட்டுக்கு வேண்டுமானால் ஆகும், தொக்குக்கு ஆகவே ஆகாது.

முழுத் தக்காளியைக் கையால் மசிப்பதுதான் சரி. மிக்ஸியில் அடித்தால் விதையும் அரைபட்டுக் கசக்கும், நிறமும் வெளுக்கும். ஆனால் வெளியில் வைத்து அழுத்தினால் சாறு சட்டைக்கும் சுவருக்கும் பீய்ச்சும். கிண்ணத்தில் கவிழ்த்து, கையைச் சாற்றுக்குள் முக்கிக் கட்டைவிரலால் பழத்தில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் பிறகு பிழியுங்கள். காம்பு இருந்த இடத்தில் வெள்ளையாகக் கெட்டியான பகுதி அகப்படும், கிள்ளி எறிந்துவிடலாம். 411 கிராம் டின் ஒன்று ஏறக்குறைய நாலு நடுத்தரத் தக்காளிக்குச் சமம். பச்சை வாசனை ஏற்கெனவே போயிருப்பதால் வதக்கும் நேரம் பாதியாகும், ஆனால் தொக்கு செய்தால் எண்ணெய் பிரிகிற வரை நிற்கத்தான் வேண்டும். அதில் குறுக்கு வழி பார்த்தால் மறுநாளே நீர்த்துவிடும். புளியையும் வழக்கத்தில் பாதி போடுங்கள். டின்னில் சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பதால் நம் கணக்குக்குப் போட்டால் பல் கூசும். எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் கெட்டித் தக்காளியை அடியில் ஊற்றிக் கிளறிவிட்டால் அடிப்பிடிக்கும், மேலாக ஊற்றி அப்படியே மூடவேண்டும்.

ரசத்துக்கு மட்டும் என் ஓட்டு டின்னுக்கு இல்லை. எவ்வளவு நல்ல டின்னானாலும் ஒரு வெந்த வாடை ரசத்தின் மேலே வந்து நிற்கும். குழம்பில் அது மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ளும், ரசத்தில் ஒளிய இடமில்லை. குளிர்காலத்தில் சின்னச் சின்னதாகக் கோலிக்குண்டு போலப் பெட்டியில் விற்கிறார்களே செர்ரி தக்காளி, அதை வாங்கிப் பத்துப் பன்னிரண்டை நசுக்கிப் போடுங்கள். பெரிய தக்காளியை நம்புவதைவிட எவ்வளவோ மேல்.

பெரிய தக்காளி ஏன் அப்படி ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவுக்குப் பதில் சொல்ல அதுவும் வேண்டும். குளிர்காலத்தில் கடைக்கு வருகிற தக்காளியில் பெரும்பகுதி ஃப்ளோரிடா, மெக்சிகோ பக்கத்திலிருந்து வருவது. ஃப்ளோரிடாவில் அதைப் பச்சையாகவே பறித்து, எத்திலீன் வாயு காட்டிச் சிவக்க வைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். நிறம் வரும், ருசி வராது. டின்னுக்குப் போகிற பழத்தின் கதை வேறு. அமெரிக்காவில் டின்னில் அடைபடும் தக்காளியில் 90 சதவீதத்துக்கு மேல் கலிஃபோர்னியாவில் விளைவது. ஜூலை முதல் அக்டோபர் வரை, செடியிலேயே பழுத்ததை இயந்திரத்தால் அறுத்து, சூட்டோடு சூடாக ஆலைக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஜனவரியில் உங்கள் கையில் இருக்கும் இரண்டில் எது நிஜமான பழுத்த பழம் என்றால் டின்னில் இருப்பதுதான். ராயக்கோட்டைத் தக்காளி வாசலுக்கே வருகிற ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சத்து விஷயத்தில் அம்மா சொல்வதில் பாதி சரி. சூட்டில் வைட்டமின் சி குறைகிறது. ஆனால் தக்காளிக்குச் சிவப்பைத் தருகிற லைக்கோபீன் சூடு பட்டால்தான் சதையை விட்டு வெளியே வரும். கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 88 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கியபோது வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது, லைக்கோபீன் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. எண்ணெய் சேர்ந்தால் உடம்பு அதை இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும். நம் தாளிப்புக்கு இந்த வகையில் ஒரு நல்ல பெயர்.

கவலைப்பட வேண்டியது உப்புக்கு. பல பிராண்டுகளில் அரைக் கப்புக்குச் சோடியம் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். டின் முழுக்கத் தீர்த்தால் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடலாம் என்கிற 2,000 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் வீட்டில் உப்பில்லாத டின் மட்டும்தான். உள்பூச்சில் இருக்கிற பிபிஏ என்கிற ரசாயனத்தைப் பற்றிய பயமும் வெறும் வதந்தி இல்லை. உணவு படுகிற பொருட்களில் அதற்குத் தடை விதித்து ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அது இல்லாத பூச்சு என்று டின்னிலேயே போட்டு விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். உப்பியிருந்தாலோ, விளிம்பில் மடங்கி நசுங்கியிருந்தாலோ தொடவே தொடாதீர்கள், ருசிகூடப் பார்க்க வேண்டாம். திறந்த டின்னை அப்படியே ஃப்ரிட்ஜில் வைப்பது நம்மவர்கள் பலருக்குப் பழக்கம். காற்றுப் பட்டதும் புளிப்பு உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றினால் நாலைந்து நாளைக்குத் தாங்கும்.

கடைசியாக, உங்கள் கொல்லைத் தக்காளி. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தக்காளி நாம் நினைக்கிற அளவுக்குப் புளிப்பில்லை. பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பாதுகாக்க அதன் பிஹெச் அளவு 4.6-க்குக் கீழே இருக்கவேண்டும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). பழத்துக்குப் பழம் அது 4.3-லிருந்து 4.9 வரை போகும். அளவு தாண்டினால் காற்றில்லாத பாட்டிலுக்குள், கொடிய விஷத்தை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர இடம் கிடைக்கும். சாதாரணக் கொதி அதன் வித்துகளைக் கொல்லாது, விஷம் வாசனையிலும் தெரியாது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை ஒரு குவார்ட் (லிட்டருக்குச் சற்றுக் குறைவு) பாட்டிலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ, அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலமோ கட்டாயம் சேர்க்கச் சொல்கிறது. அதுவும் கடையில் பாட்டிலில் விற்கிற சாறு. பழத்தைப் பிழிந்தால் புளிப்பு ஒரே சீராக இருக்காது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் சேர்த்து உங்கள் டின்னில் இருப்பதுபோல் செய்து அடைக்கலாம் என்று மட்டும் தோன்றவே கூடாது. காய் சேரச் சேரப் புளிப்பு நீர்த்துப்போகும், அதற்கு அழுத்தத்தில் அடைக்கிற தனிப் பாத்திரம் வேண்டும். நம் விசில் குக்கர் அந்த வேலைக்கு ஆகாது.

இவ்வளவு தலைவலி எதற்கு? பழத்தைக் கழுவித் துடைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, முழுசாக ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் தள்ளுங்கள். எடுத்துக் குழாயடியில் காட்டினால் தோல் கையோடு கழன்று வரும். உருகினால் தொளதொளவென்று ஆகும், ஆனால் குழம்புக்கும் தொக்குக்கும் அதுதானே வேண்டும். நாலு செடியும் போன வருஷம் போலவே காய்த்தால் பையெல்லாம் வைக்க ஃப்ரீசரில் இடம் இருக்குமா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா